இரண்டாம் தொகுதியைத் தொலைத்தவன்

சின்ன ஜப்பான் கார் ஒன்று என் காபிக் கடை வாசலில் வந்து நின்றதுமே இது நல்லதுக்கு இல்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது. எங்கள் ஊர் ஆஸ்பியில் எல்லோரிடமும் இருப்பது பிக்கப் வண்டி. அந்த மாதிரிக் காரில் வருகிறவர்கள் ஒன்று வழி தவறியவர்கள், இல்லை நம்மிடம் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு போக வந்தவர்கள். வழி தவறியவர்கள் நுழைந்ததும் கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள். இவள் கேட்கவில்லை. கவுன்டர் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தாள், காபி சொன்னாள், "மைலோ குர்ட்சன்னு ஒருத்தர் இந்த ஊர்ல இருக்காரா?" என்றாள்.

மைலோ என் தம்பி. அவளுக்கு இரண்டு ஸ்டூல் தள்ளி உட்கார்ந்து முட்டை தின்றுகொண்டிருந்தான்.

"எதுக்குக் கேக்குறீங்க?" என்றேன்.

"என் பேரு மார்லிஸ். கிழக்க காலேஜ்ல சரித்திரம் சொல்லிக்குடுக்குறேன். பழைய ரெண்டாவது தொகுதியப் பத்தி ஒரு புத்தகம் எழுதுறேன். அதுல அவர் பேரு வருது."

போச்சுடா என்று நினைத்தேன். பதினைந்து வருஷமாக ஊர்வாயில் கிடந்தது போதாதென்று இனி அச்சிலும் ஏறப்போகிறான்.

எங்கள் மாநிலத்துக்கு ஒரு காலத்தில் வாஷிங்டன் மக்கள் சபையில் இரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள். ஆற்றுக்குக் கிழக்கே முதல் தொகுதி. மேற்கே பூராவும் இரண்டாவது, எங்களுடையது. இலவச நிலம் என்று கேட்டு என் தாத்தா காலத்துச் சனங்கள் ரயில் ரயிலாக வந்து இறங்கினார்களே, அப்போது பிறந்த தொகுதி. புழுதிக் காற்றடித்த வருஷங்களில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோதும் எப்படியோ தாக்குப்பிடித்தது. எங்கள் உறுப்பினர் வெண்டல் க்ரௌச் ஒன்றும் உத்தமன் இல்லை. ஆனால் ஆகஸ்ட் சந்தைக்கு வந்து வேர்வை ஒழுகப் பன்றிக்குப் பரிசு கொடுப்பான். பாங்கிக்கு மேல் மாடியில் அவன் ஆபீஸ் இருந்தது. பட்டாளத்துப் பென்ஷன் வரவில்லையா, மாடி ஏறிப் போய்க் கத்திவிட்டு வரலாம். இப்போது இருக்கிற ஒரே உறுப்பினனுக்குக் கிழக்கே நகரங்களில் ஓட்டு இருக்கிறது. அவன் ஏன் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறான்?

எண்பதாம் வருஷ ஜனத்தொகைத் தலைக்கணக்கில் போனது அது. ஆள் போதவில்லை, இனி உங்களுக்கு ஒருவர் போதும் என்றுவிட்டார்கள். எத்தனை பேர் குறைந்துபோனார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஒரு பெரிய கல்யாணத்துக்கு வருகிற கூட்டம், அவ்வளவுதான். அந்த வருஷம் எங்கள் பக்கம் வீடு வீடாகப் போய்த் தலை எண்ணும் வேலையை மைலோ பார்த்திருந்தான். பிறகென்ன? "அவன் என் வீட்டுப் பக்கமே வரலை" என்று ஒருவன் சொன்னான். மறுநாள் நாலு பேர் சொன்னார்கள். கடைசியில் கிழக்கத்திப் பத்திரிகை ஒன்று அவன் பேரைப் போட்டே எழுதிவிட்டது. அதிலிருந்து தேவாலயத்தில் மீன் விருந்து என்றால் யாராவது ஒருத்தன் கத்தாமல் இருக்க மாட்டான்: "மைலோவைத் தட்டு எண்ணச் சொல்லிடாதீங்க, பாதிப் பேருக்குச் சோறு கெடைக்காது!" எல்லோரும் சிரிப்பார்கள். மைலோவும் சிரிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உண்மையைச் சொன்னால் எனக்கே அவன்மேல் ஒரு சந்தேகம் இருந்தது. போயிருந்தால் போனேன் என்று மேஜையில் குத்திச் சொல்ல வேண்டியதுதானே? நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். "போனேன் வெர்னா. அதுக்கு மேல கேக்காதே. வீட்டுக்குள்ள பார்த்ததையும் கேட்டதையும் வெளிய சொல்ல மாட்டேன்னு கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணியிருக்கேன்" என்பான். சத்தியமாம். மடியில் கனம் இருக்கிறவன் இப்படித்தான் பேசுவான் என்று எனக்குள் தோன்றும். கூடப்பிறந்தவனாயிற்றே, விழுங்கிக்கொள்வேன்.

"மைலோ ஊர்ல இல்லை" என்று அவளிடம் சொன்னேன்.

"நான்தான் மைலோ" என்றான் முட்டை தின்ற வாயோடு. இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அவளிடமும் அதே பாட்டுத்தான். எல்லா வீட்டுக்கும் போனேன், சத்தியம் செய்திருக்கிறேன், மேலே சொல்ல மாட்டேன்.

மார்லிஸ் பேனாவை மூடினாள். "மைலோ, நான் உங்களைக் கவுக்க வரலை. ஆனா தொகுதி எப்படிப் போச்சுன்னு எழுதாம அதோட கதைய முடிக்க முடியாது. பத்திரிகை சொன்னது அப்படியே நிக்குது. அதை யாரும் மறுக்கலை. 'எங்க வீட்டுக்கு வந்தாரு'ன்னு ஒரே ஒருத்தர் தன் பேரைச் சொல்லிச் சொன்னாப் போதும், நான் மாத்தி எழுதிருவேன். இல்லேன்னா உங்க பேரு அப்படியே நின்னுடும். வெள்ளிக்கிழமை வரைக்கும் மோட்டல்லதான் இருப்பேன்."

"நான் சொல்றேன். என் வீட்டுக்கு வந்தான்" என்றேன்.

"நீங்க அக்கா. உங்க சொல்லு எடுபடாது."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை என்று நினைத்துக்கொண்டேன். காபி விலையில் கொஞ்சம் கூட்டி வாங்கினேன்.

மறுநாள் காலை வட்டமேஜைக்காரர்கள் வந்தார்கள். மாடு வளர்க்கிற ஹார்லன் வெஸெலி, கோதுமைக்கார ரூபன் ஸ்ட்ரோ, தானியக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிற கேலார்ட் ஆசென். மூன்று பேரும் தினம் பகடை உருட்டுவார்கள், தோற்றவன் மற்றவர்களுக்கும் சேர்த்துக் காபிக்குக் கொடுக்க வேண்டும். மைலோவுக்குப் பகடை கிடையாது. அவன் வழக்கம்போல் கவுன்டரில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மார்லிஸ் ஜன்னலோரம் தனியாக இருந்தாள்.

"அணு உலைக் குப்பையைக் கொட்ட இடம் பாக்க வந்திருக்கா" என்றான் கேலார்ட், அவளுக்குக் கேட்கும்படியாகவே.

"இல்லடா, காட்டெருமைப் பூங்கா. நம்மள எல்லாம் காலி பண்ணிட்டு எருமையை விடப்போறாங்களாம்" என்றான் ரூபன்.

"எருமைக்கு நீ போட்டியா இருப்பேன்னு பயப்படுறாங்களோ என்னவோ" என்றான் ஹார்லன்.

அவள் சிரித்துக்கொண்டே காபிக் கோப்பையோடு எழுந்து வந்து அவர்கள் மேஜையில் உட்கார்ந்தாள். தைரியம்தான். மைலோ வீட்டுக்கு வந்தாரா என்று கேட்டாள். மூன்று பேரும் ஒரே மூச்சில் இல்லை என்றார்கள். ஹார்லன்தான் பலமாகச் சொன்னான்: "என் பாதையில அவன் வண்டித் தடமே விழலை." நான் காபி ஜாடியோடு பக்கத்திலேயே நின்றேன். மைலோவின் முதுகு அசையவில்லை.

இந்த இடத்தில்தான் கிழக்கத்திக்காரர்கள் தப்பு செய்வார்கள். உங்கள் வீட்டில் எத்தனை பேர், எத்தனை மாடு என்று கேட்டுவிடுவார்கள். எங்கள் பக்கம் ஒருவனிடம் எத்தனை மாடு என்று கேட்பதும் அவன் சட்டைப்பைக்குள் கையை விடுவதும் ஒன்று. கேட்டால், "கொஞ்சம் இருக்கு" என்பான். மலையே நிரம்பிக் கிடந்தாலும் கொஞ்சம்தான். இவள் கேட்பாள், இவர்கள் எழுந்து போய்விடுவார்கள், சனியன் ஒழிந்தது என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

அவள் கேட்கவில்லை. சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே, "எங்கப்பாவும் மாடு வளர்த்தவர்தான். வரிக்கு மாடு எண்ண ஆளு வர்ற அன்னைக்குப் பாதி மந்தைய ஓடைப் பள்ளத்துல எறக்கிடுவாரு" என்றாள். "வந்தவன் எண்ணி முடிச்சுட்டுக் கெளம்புற நேரம், பள்ளத்துலேர்ந்து ஒரு கன்னுக்குட்டி மேல ஏறி வந்து அவன் கார்ல முதுகைத் தேய்ச்சுது. அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? 'பக்கத்து வீட்டுது, தெனம் விசாரிக்க வரும்'ன்னாரு."

மேஜையே குலுங்கியது. அதற்குப் பிறகு அணை உடைந்த மாதிரிதான்.

"அது என்ன பிரமாதம்?" என்று ரூபன் ஆரம்பித்தான். "என் மாமனார் மாமியார் பின்பக்க டிரெய்லர் வீட்டுலதான் இருந்தாங்க. அந்த டிரெய்லருக்கு அனுமதியே கெடையாது. தலை எண்ண வந்தப்போ அதுல உரமூட்டை இருக்குன்னு சொன்னேன். மாமியா உள்ளேர்ந்து தும்முறா!"

"என் கொட்டகையில ரெண்டு கூலிக்காரனுங்க" என்றான் கேலார்ட். "சம்பளம் கைமேல. வரி கிரின்னு வந்துடுமேன்னு, ரெண்டு பேரையும் சாயங்காலம் வரைக்கும் சோளக்காட்டு வேலி பாக்க அனுப்பிட்டேன். அப்போ சோளமே வெதைக்கலை!"

ஹார்லனால் சும்மா இருக்க முடியுமா? அவனைவிட ஒருவன் சாமர்த்தியசாலி என்றால் அவனுக்குத் தூக்கம் வராது. "அட, என் கதையைக் கேளுங்கடா! அந்த வருஷப் பனிக்காலத்துலதான் டிவில சொன்னான், பதினெட்டு ஆன பசங்க பட்டாளத்துக்குப் பேர் குடுக்கணும்னு. என் பொண்டாட்டி ஐரீன் அழுது ஊரைக் கூட்டுறா. பசங்க கீத், டுவைட் ரெண்டு பேரையும் மாடியில போட்டுட்டேன். மூச்சு விடக் கூடாதுடான்னேன். கீழ சமையலறையில இவன் உக்காந்து ஐரீன் சுட்ட கேக்கை முழுங்கிட்டு இருக்கான். மேல பலகை கிறீச்சுன்னுது. பூனைன்னு சொன்னேன். இவன் மேல பாத்துட்டு, 'நல்லாத் தின்னு வளர்ந்த பூனை போல'ங்குறான்! நான்..."

பாதியில் நிறுத்திவிட்டான். யாரும் சிரிக்கவில்லை.

"எவன்?" என்றேன். ஜாடியை மேஜையில் வைத்தேனா போட்டேனா தெரியாது, காபி ரூபன் மடியில் தெறித்தது. "எவன்டா உன் சமையலறையில உக்காந்து கேக்கு தின்னது? சொல்லு! வண்டித் தடமே விழலைன்னியே, பறந்து வந்தானா?"

ஹார்லன் முகம் பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று நான் கேட்டிருக்கிறேன். இப்படிப் பகடைக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து பாவம் காபி குடிப்பதை அன்றுதான் பார்த்தேன். என் தம்பியைச் சந்தேகப்பட்டதை நினைத்து உடம்பெல்லாம் கூசியது.

கேலார்ட்தான் முதலில் வாயைத் திறந்தான். மன்னிப்பு கேட்பான் என்று நினைத்தேன். "அப்போ இவனுக்குத் தெரிஞ்சிருக்கு! பூனை இல்லேன்னு தெரியுது, தும்மல் கேக்குது. தெரிஞ்சும் ஏன்டா எழுதலை மைலோ? நீ எழுதியிருந்தா தொகுதி போயிருக்குமா?"

"அதானே!" என்றான் ரூபன், மடியைத் துடைத்துக்கொண்டே.

எப்படி இருக்கிறது பாருங்கள்! ஒளித்துவைத்தவன் இவன், கண்டுபிடிக்கவில்லை என்று குற்றம் அவன்மேல்.

"வீட்டுக்காரர் சொல்றதைத்தான் அவர் எழுத முடியும். சட்டம் அப்படி" என்றாள் மார்லிஸ். "இப்போ நீங்க சொன்னதை உங்க பேரோட போட்டுக்கலாமா?"

"போட்டே, கோர்ட்டுக்கு இழுப்பேன்" என்றான் ஹார்லன். "நாங்க சும்மா வேடிக்கையாப் பேசினோம். நீ தோண்டித் துருவத்தான் வந்திருக்கேன்னு உன் காரைப் பாத்ததுமே தெரியும்."

"சம்மதம் இல்லாம நான் போட மாட்டேன்" என்றாள் அவள், வருத்தமாக.

"வெளிய போங்கடா" என்றேன். போனார்கள். பகடையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மைலோவின் எதிரில் போய் நின்றேன். அவன் தட்டைத் தள்ளிவிட்டு, "எதுக்கு வெர்னா துரத்தினே?" என்றான்.

"என்னடா இது? பதினஞ்சு வருஷமா உன் பேரைக் கெடுத்தவனுங்க!"

"கேலி பண்ணவாவது தெனம் வந்தானுங்க" என்றான். "பழி எம்மேல இருந்த வரைக்கும் எல்லாரும் நிம்மதியா உக்காந்திருந்தானுங்க. இனிமே என் மூஞ்சியப் பாக்க வருவானுங்களா?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இப்படியும் ஒரு மண்ணாந்தை இருப்பானா? "அப்போ நீயாவது சொல்லித் தொலையேன். சத்தியமாவது கத்திரிக்காயாவது. அவளே காதால கேட்டுட்டா, இனிமே என்ன ரகசியம்?"

"அவனுங்க வாயால சொன்னது அவனுங்க இஷ்டம். நான் சொல்றது வேற."

அவன் சொன்ன மாதிரியே ஆயிற்று. மறுநாள் வட்டமேஜை காலி. அதற்கு மறுநாளும் காலி. மூன்று பேரும் பெட்ரோல் பங்கில் நின்று இயந்திரக் காபி குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஊரே என் கடைப்பக்கம் வராமல் சுற்றிப் போனது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாடியோ டிரெய்லரோ இருந்திருக்கும் போல. மைலோ மட்டும் தினம் வந்து, கதவு திறக்கிற சத்தம் கேட்டால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். வந்தவர்கள் எல்லாம் கழிப்பறை கேட்டவர்கள்.

வெள்ளிக்கிழமை மார்லிஸ் பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு, கடைசியாக ஒரு காபி குடிக்க வந்தாள். "வேற வழி இல்லை, வெர்னா. பத்திரிகை சொன்னதையும், அவர் போனேன்னு சொல்றதையும் பக்கத்துல பக்கத்துல போடுறேன். படிக்கிறவங்க எதை நம்புவாங்கன்னு உங்களுக்கே தெரியும்" என்றாள். அவள் ஓநாய் இல்லை என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டிருந்தது. இருந்தாலும் நல்ல வார்த்தை வாயில் வரவில்லை.

அப்போது கதவு திறந்தது. ஹார்லன். தொப்பியைக் கையில் பிடித்திருந்தான். எனக்கு உடனே சந்தேகம் வந்தது. கோர்ட்டுக் காகிதமா, இல்லை தானியக் கிடங்குச் சங்கத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்க வந்தானா? அவன் மேஜைப் பக்கம் போகவில்லை. நேராக வந்து மைலோவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தான். அந்த ஸ்டூலில் அவன் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"ஆறு பேரு" என்றான்.

மைலோ அவனைப் பார்த்தான்.

"எங்க வீட்டுல. நானு, ஐரீன், எங்கம்மா, பொண்ணு லோயிஸ், கீத், டுவைட். ஆறு பேருடா மைலோ. நாலுன்னு சொன்னேன்." பிறகு மார்லிஸ் பக்கம் திரும்பினான். "எழுதிக்கம்மா. என் பேரு ஹார்லன் வெஸெலி. மைலோ என் வீட்டுக்கு வந்தான். நான் பொய் சொன்னேன். அந்த ஆறு பேரையும் பேர் சொல்லிப் போடு. டுவைட்டையும் போடு."

அவள் பேனாவை எடுத்து எழுதினாள். டுவைட் தலைக்கணக்குக்கு மறு வருஷம் அறுவடையில் தானியக் கிடங்குக்குள் விழுந்து, கோதுமையில் மூச்சடைத்துச் செத்துப்போனவன். இருபது வயசு. வெளியே எடுக்க நான்கு ஊர் ஆண்கள் மண்வெட்டியோடு போனார்கள், மைலோவும் போனான்.

"ஐரீன் ரெண்டு நாளா என்கிட்ட பேசலை" என்றான் ஹார்லன். "நேத்து ராத்திரி ஒரே ஒரு வார்த்தை சொன்னா. 'நம்ம புள்ள இங்க இருந்தான், ஹார்லன்'ன்னா. அவ்வளவுதான்." தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பிடித்தான். "பட்டாளம் கொண்டுபோயிடக் கூடாதுன்னு ஒளிச்சேன். உசுரோட இருந்த புள்ளையை, அவன் என் தலைக்கு மேல நடக்குற சத்தம் கேக்கக் கேக்க, இல்லைன்னு சொன்னேன்டா."

என்னிடம் சொல்லாததை, பத்திரிகை எழுதியபோது சொல்லாததை, ஊர் முழுக்கச் சிரித்தபோதும் சொல்லாததை என் தம்பி அப்போது சொன்னான்.

"கெளம்புறப்போ நான் வண்டிய எடுத்தேன்ல, மாடி ஜன்னல்ல திரை வெலகுச்சு" என்றான். "டுவைட். என்னைப் பாத்து வாயில வெரல வெச்சுக் காட்டினான், சொல்லிடாதேன்னு. அப்புறம் கையாட்டினான். பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு."

"கையாட்டினானா?"

"ஆமா. நான் வேலி தாண்டுற வரைக்கும் ஆட்டிட்டே இருந்தான்."

ஹார்லன் ஸ்டூலோடு அவன் பக்கம் திரும்பினான். "என்ன சட்டை போட்டிருந்தான்?"

"நீலச் சட்டை. ஒரு கை மடிச்சுவிட்டிருந்தான், ஒரு கை மடிக்கலை."

"ஆமா, அப்படித்தான் போடுவான்" என்றான் ஹார்லன். "இன்னொரு தடவை சொல்லுடா."

மைலோ முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.